ரங்கராஜ் விட்டுவராத பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியப் போரில் இந்தியாவின் 60ஆவது பரசூட் கள மருத்துவப் பிரிவை வழிநடத்திய லெப்டினன்ட் கேணல் ஏ.ஜி. ரங்கராஜைப் பற்றி எழுதுகிறவர்கள், 1951 மார்ச் 23இல் அமெரிக்கப் படையினரோடு முன்சானில் 12 பேர் கொண்ட இந்திய மருத்துவக் குழு குதித்ததையே பெரிதாக எழுதுகிறார்கள். 1941இல் படையில் முதன்முதல் பரசூட்டில் குதித்த இந்தியர் இருவரில் ஒருவர் அவர் என்பதால் அது இயல்புதான். வன்னியில் உள்ளவர்களுக்கோ அதற்கு முந்திய டிசெம்பர்தான் கூடுதலாக விளங்கும்.

சீனப்படை நெருங்க, ஐ.நா. படைகள் பியொங்யாங்கை விட்டுப் பின்வாங்கின. மருத்துவப் பிரிவுக்கு வாகனம் இல்லை. கருவிகளைக் கைவிட்டு ஆட்கள் மட்டும் வெளியேற வேண்டிய நிலை. ரங்கராஜ் அதற்கு இணங்கவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த நீராவி எஞ்சின் ஒன்றையும் சில புகையிரதப் பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு நெருப்புக்கு முன் தண்ணீர் வேண்டும். நெருப்பறையின் மேற்தகட்டுக்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் தகடு சூடேறி இளகும், கொதிகலன் வெடிக்கவும் கூடும். உறைகுளிரில் வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். குளிர்ந்துபோன கொதிகலனில் ஆவி ஏற மணிக்கணக்காகும். பாலம் தகர்க்கப்படுமுன் புகையிரதம் பொருட்களோடு தெற்கே கடந்துவிட்டது.

2009 இறுதிப் போரில் வைத்தியசாலை புதுக்குடியிருப்பிலிருந்து புதுமாத்தளனுக்கும், பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் இடம்பெயர்ந்ததைக் கண்டவர்களுக்கு ரங்கராஜ் காப்பாற்றிய மருத்துவப் பெட்டிகளின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. கட்டில் இல்லாவிட்டால் பாய். கட்டடம் இல்லாவிட்டால் மரத்தடி. மயக்கமருந்தும் சேலைனும் குருதிப் பையும் முடிந்தால் எத்தனை கைதேர்ந்த வைத்தியரும் என்ன செய்வார்?

முன்சானில் ஒரு பட்டாலியன் தவறான திடலில் இறங்கியது. ஆள் ஒரு பக்கம், பொதி ஒரு பக்கம் விழுவது பரசூட்டில் வழமையான ஆபத்து. அதனால்தான் சேலைன் முழுவதையும் ஒரு பொதியிலும், ஊசி, குழாய் முழுவதையும் இன்னொன்றிலும் கட்டக்கூடாது. ஒன்று தொலைந்தால் மற்றதும் வீண். எந்தப் பொதியைப் பிரித்தாலும் அதை மட்டும் வைத்து ஒரு காயத்துக்கு முழுச் சிகிச்சை செய்யக்கூடியதாக இருக்கவேண்டும்.

மாரிக்கு முன் நிவாரணப் பெட்டி கட்டும் எங்கள் சனசமூக நிலையங்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை நினைத்துப் பார்க்கவேண்டும். பஞ்சு எல்லாம் ஒரு பெட்டி, மருந்து எல்லாம் இன்னொரு பெட்டி என்று அடுக்கினால், பாதை அறுந்த ஊருக்குப் பஞ்சு மட்டும் போய்ச் சேரும். பத்துப் பெட்டி என்றால் பத்திலும் பஞ்சு, பந்தனம், கிருமிநீக்கி, ஜீவனி (வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்), கையுறை, கத்தரிக்கோல் இருக்கட்டும். உள்ளே பொலித்தீன் உறை. மூடியின் உட்புறத்தில் பொருட்பட்டியல், காலாவதித் திகதியுடன். பட்டியலை வெளியே ஒட்டினால் முதல் மழையிலேயே கரைந்துவிடும்.

முதலுதவிப் பயிற்றுநர்,
கிளிநொச்சி