அக்கா, இந்த முறை ப்ளோச்சே வாசலில் ஏறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மறுபடி குரோவேஷியாவிலிருக்கிற துப்ரோவ்னிக் போகிறாய் என்பது, பாப்பா குடும்ப குரூப்பில் போட்ட டிக்கெட் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. செப்டம்பர் கடைசி வாரம், நான்கு ராத்திரி. வருடா வருடம் அந்த ஊருக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, நீயும் எப்படிக் கேட்பாய்? நாம் சேர்ந்து அங்கே போன அந்தப் பயணத்துக்கு வருகிற ஜூலையோடு பத்து வருடம் ஆகிறது.

போன் பண்ணாமல் ஏன் இங்கே எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் இரண்டாவது நிமிஷமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடும். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள், தெரியும். அதனால் அன்று ராத்திரி ஓட்டலில் பேசியதில் ஒரு சொல்லும் இங்கே வராது. அந்தப் பழைய நகரத்தைச் சுற்றி நிற்கிற கோட்டைச் சுவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சுவரின் முழுச் சுற்று 1,940 மீட்டர். இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் தூரத்தை வைத்து அதை எடை போடக் கூடாது. மேலே ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள், அப்பிரதட்சிணமாக. திரும்பி வர முடியாது. ஏற மூன்று இடங்கள் உண்டு: மேற்கே பிலே வாசல், தென்கிழக்கே செயின்ட் ஜான் கோட்டை, கிழக்கே ப்ளோச்சே வாசலை ஒட்டிய செயின்ட் லூக் கோபுரம். பஸ் எல்லாம் பிலேயில் நிற்பதால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அங்கேயே ஏறிவிடுகிறார்கள். பிலேயில் ஏறினால் முதல் பாதி கடல் பக்கம். ஏற்ற இறக்கம் இருந்தாலும் காற்று வரும், லோக்ரும் தீவு கண்ணெதிரே கிடக்கும், கால் வலி தெரியாது. பழைய துறைமுகத்தைத் தாண்டி செயின்ட் லூக் வந்த பிறகுதான் வினை. அங்கிருந்து வடக்குச் சுவர் முழுக்க ஏற்றம், ஊரின் மிக உயரமான மின்செட்டா கோபுரம் வரைக்கும் படி மேல் படி. நிழல் என்று ஒரு சாண்கூட இல்லை. சுண்ணாம்புக் கல் தலைக்கு மேல் இருக்கிற வெயிலைக் கீழேயிருந்தும் திருப்பி அடிக்கும். பதினோரு மணிக்கு பிலேயில் ஏறினவர்கள் அந்த ஏற்றத்துக்கு வந்து சேர்வது பன்னிரண்டரைக்கு. தண்ணீரும் தீர்ந்திருக்கும், முழங்காலும் தளர்ந்திருக்கும்.

நாம் ஏறியது பதினோரு மணிக்கு. பிலேயில்.

செயின்ட் லூக்கில் டிக்கெட்டைச் சரிபார்க்கும் இடத்தில் நீ நின்றாய். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டிருந்தாய். அரை லிட்டர் பாட்டிலில் இரண்டு விரற்கடை தண்ணீர் மிச்சம். கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டாய். "இங்க இறங்கிடலாமாடா?" என்று கேட்டாய். வலிக்கிறது என்று சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டாய். நான் வாட்சைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச தூரம்தான்கா" என்றேன்.

அது பொய். அந்தச் சுவரை அதற்கு முன்பே ஆறேழு தடவை சுற்றியவன் நான். மின்செட்டா வரை அடுத்து இறங்க வழியே கிடையாது என்பதும், அங்கிருந்து பிலே வரை போய்த்தான் இறங்க முடியும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். மன்னித்துக்கொள்.

ஆனால் அக்கா, கூட இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். லோக்ருமுக்குப் போகிற இரண்டு மணிப் படகைப் பிடிக்க வேண்டும். கீழே இறங்கிவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி ஏற விடமாட்டார்கள். உன்னைத் தனியாக இறக்கிவிட்டால், பாஷை தெரியாத ஊரில் ஒற்றையாய் எங்கே உட்காருவாய் என்ற பயமும் இருந்தது. இதையெல்லாம் நீ ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியிலேயே, "என்னை மலை உச்சியில விட்டுட்டுப் போயிட்டான்" என்று சொன்னாய். அது மலை இல்லை. நான் விட்டுவிட்டும் போகவில்லை. இருபது படி முன்னால் போனேன், அவ்வளவுதான்.

இருபது படி முன்னால் போனதும் தப்புதான்.

இந்த முறை ப்ளோச்சே வாசலில் ஏறு. அப்படி ஏறினால் மின்செட்டா ஏற்றம் முதலிலேயே வந்துவிடும், காலில் தெம்பு இருக்கும்போதே. கோடைப் பருவத்தில் காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். 7.50-க்கு வாசலில் நில். வெயில் ஏறுவதற்குள் கோபுரத்தைத் தாண்டிவிடுவாய். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, ரப்பர் அடி வைத்த ஷூ. சேலை வேண்டாம், சுடிதார் போட்டுக்கொள். மேலே ஓரிரண்டு கடையில் குளிர்பானம் கிடைக்கும், விலை கொள்ளை. டிக்கெட்டை நடுவழியில் மறுபடி கேட்பார்கள், கசக்கி எறிந்துவிடாதே. சுவர் டிக்கெட்டைத் தனியாக வாங்குவதைவிட ஒரு நாள் துப்ரோவ்னிக் பாஸ் வாங்குவதுதான் லாபம். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்று, பாஸில் மியூசியங்களும் டவுன் பஸ்ஸும் சேர்ந்தே வருகின்றன.

முதல் நாளே துறைமுகத்தின் கப்பல் அட்டவணையைப் பாப்பாவைப் பார்க்கச் சொல். 2019 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய சொகுசுக் கப்பலுக்கு மேல் விடுவதில்லை, பயணிகளும் 4,000-க்குள்தான். அந்தக் கூட்டமே போதும், ஒன்பது மணிக்கு மேல் பிலே வாசலில் நெரிசல் தாங்காது. கப்பல் இல்லாத நாளில் சுவர் ஏறு, கப்பல் வரும் நாளில் லோக்ருமுக்குப் போய்விடு.

ரூம் எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று படத்தில் தெரியவில்லை. கோட்டைக்குள் என்றால் தெருப் பெயரைக் கேட்டுக்கொள். நடுவே போகிற ஸ்ட்ராடூன் தெரு சமதரை, அதற்கு வடக்கே பிரிகிற சந்துகள் எல்லாம் செங்குத்தான படிக்கட்டு. உள்ளே வண்டி வராது, பெட்டியை நீங்களேதான் தூக்க வேண்டும். உன் முழங்காலுக்கு லப்பாத் பகுதிதான் சரி. கடலோரமாகச் சமமான நடைபாதை இருக்கிறது, 6-ஆம் எண் பஸ் நேரே பிலேக்கு வரும்.

மின்செட்டாவில் இப்போதிருக்கிற வட்டக் கோபுரம் 1460-களில் கட்டியது. ஃப்ளோரன்ஸிலிருந்து வந்த மிக்கெலோட்ஸோ தொடங்கி, யூராய் டால்மாட்டினாட்ஸ் முடித்தார். துருக்கியர்கள் பக்கத்துப் போஸ்னியாவைப் பிடித்த சமயம் அது. அதனால்தான் நிலத்தை நோக்கிய சுவர் 4 முதல் 6 மீட்டர் தடிமன். கடல் பக்கம் ஒன்றரையிலிருந்து 3 மீட்டர்தான். மேலே நின்று கீழே கூரைகளைப் பார். அன்று நீ பார்க்கவேயில்லை, படியில் குனிந்து உட்கார்ந்திருந்தாய். பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடும், மங்கி வெளுத்த பழுப்பு ஓடும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடக்கும். 1991 அக்டோபரில் யூகோஸ்லாவிய ராணுவம் ஊரை முற்றுகையிட்டது. டிசம்பர் 6-ஆம் தேதி குண்டுவீச்சுதான் எல்லாவற்றிலும் கொடியது. பழைய நகரத்தின் 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடி வாங்கின. பளிச்சென்ற ஓடெல்லாம் அதற்குப் பிறகு வேய்ந்தது. எது அடிபட்ட வீடு, எது தப்பிய வீடு என்று மேலேயிருந்து விரல் நீட்டிச் சொல்லலாம். வாசல்களில் தொங்குகிற வரைபடத்தில் குண்டு விழுந்த இடங்களைக் குறித்திருக்கிறார்கள், ஏறும் முன் அதை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஏறு.

மத்தியானத்தைக் கீழே கழி. பிலே வாசலுக்குள் நுழைந்ததும் ஒனோஃப்ரியோ நீரூற்று, 1438-இல் கட்டியது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கால்வாய் வெட்டி நீர் கொண்டுவந்தார்கள். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு கல் முகம், முகத்தின் வாயில் குழாய். தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலை அங்கேயே நிரப்பு. எதிரே பிரான்சிஸ்கன் மடத்தில் 1317-லிருந்து மருந்துக் கடை நடக்கிறது. அதன் உள்முற்றத்தில் இரட்டை இரட்டையாக மெல்லிய தூண்கள், தலைப்பில் மனித முகமும் விலங்கும். அங்கே நிழல் இருக்கிறது, உட்காரலாம். நீ அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் உன்னை யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள்.

ஸ்ட்ராடூன் கல் பாளமெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் கால்பட்டு வழவழவென்று ஆகிவிட்டது. ஒரு தூறல் போட்டாலும் வழுக்கும், பாப்பா கையைப் பிடித்துக்கொள். தெருவின் கிழக்குக் கோடியில் 1418-இல் நட்ட ஓர்லாண்டோ தூண். அந்த வீரன் சிலையின் வலது முன்கை, முழங்கை முதல், 51.2 சென்டிமீட்டர். அதுதான் ரகூசா குடியரசின் (இந்த ஊரின் பழைய பெயர் ரகூசா) துணி அளக்கும் முழம். வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று சந்தேகம் வந்தால் சிலையின் கையோடு வைத்து அளந்துவிடலாம். நம்மூர்ப் பூக்காரம்மா கைக்குக் கை முழம் மாறுகிறது என்று நீ சண்டை போடுவாயே, அந்தச் சண்டைக்கு இவர்கள் ஊர் நடுவில் கல்லிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து ஸ்பொன்சா மாளிகை பழைய சுங்கச்சாவடி. 1667 ஏப்ரல் 6 பூகம்பத்தில் ஊரே சரிந்தபோது நின்ற கட்டடங்களில் அது ஒன்று. தராசு இருந்த வளைவுக்கு மேல் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்: எங்கள் எடைகள் ஏமாற்றவும் விடா, ஏமாறவும் விடா, நான் சரக்கை எடைபோடுகையில் கடவுள் என்னை எடைபோடுகிறார். கீழ்த்தளத்து அறை ஒன்றில் 1991 போரில் செத்த இளைஞர்களின் படங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. மெதுவாகப் போய் வாருங்கள்.

ரெக்டர் மாளிகையை விட்டுவிடாதே. ரெக்டர் என்றால் குடியரசின் தலைவர், அவருக்குப் பதவி ஒரே ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க அரசு வேலைக்கன்றி மாளிகையை விட்டு வெளியே வரக் கூடாது, வீட்டாரைப் பார்க்கவும் போக முடியாது. முற்றத்தில் மிஹோ பிராட்ஸாட் என்ற கப்பல் வியாபாரியின் மார்பளவுச் சிலை இருக்கிறது, 1638-இல் வைத்தது. அந்தக் குடியரசு சிலை வைத்துக் கௌரவித்த ஒரே சாமானியர் அவர். சொத்தை ஊருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர்.

லோவ்ரியெனாட்ஸ் கோட்டையும் சுவர் டிக்கெட்டிலேயே அடங்கும், ஆனால் நீ போக வேண்டாம். 37 மீட்டர்ப் பாறை மேல் நிற்கிறது, வழியெல்லாம் படி. பாப்பா மட்டும் போய் வரட்டும். கடலைப் பார்த்த சுவர் 12 மீட்டர் தடிமன், ஊரைப் பார்த்த சுவர் வெறும் 60 சென்டிமீட்டர் என்று அவளிடம் சொல்லி அனுப்பு. உள்ளே இருக்கும் தளபதி ஊருக்கு எதிராகத் திரும்பினால் ஊர்க்காரர்களே அடித்து உடைக்க வசதியாக அப்படிக் கட்டினார்கள்.

அதற்குப் பதிலாகச் சாயங்காலம் கேபிள் காரில் ஏறு. சிர்ஜ் மலை உச்சி 412 மீட்டர், நான்கு நிமிஷத்துக்குள் மேலே போய்விடும். கீழ் நிலையம் கோட்டைக்கு வடக்கே மேட்டில் இருக்கிறது, நடந்து போகாதே, டாக்ஸி வைத்துக்கொள். வடகிழக்கிலிருந்து 'பூரா' என்கிற பலத்த காற்று வீசினால் ஓட்டமாட்டார்கள். ஆகவே கடைசி நாளுக்கு மிச்சம் வைக்காதே. காற்று ஓய்ந்த முதல் சாயங்காலமே போய்விடு.

லோக்ருமுக்குப் படகு பழைய துறைமுகத்திலிருந்து, கால் மணி நேரம். பைன் மர நிழல், மயில்கள், பழைய பெனடிக்டைன் மடம், குளிக்க ஒரு சின்ன உப்பு ஏரி. ராத்திரி தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கின உடனே படகுத்துறைப் பலகையைப் பார்த்துக்கொள்.

அன்று உன்னைத் துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களோடு நான் அந்தப் படகில் ஏறினேன். நீதான் "போயிட்டு வாங்க" என்றாய். சொன்னவள் நீ, போனவன் நான். கல்யாண வீடுகளில் இதை நீ யாரிடமும் சொன்னதில்லை. சுவரைத்தான் சொன்னாய். ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது, அதை இங்கே எழுத முடியாது.

ஒன்று மட்டும். ப்ளோச்சேயில் ஏறி மின்செட்டா தாண்டினால் அடுத்த இறக்கம் பிலே. அங்கே இறங்கும் படி இருக்கிறது. கால் வலித்தால் அங்கேயே இறங்கிவிடு. கடல் பக்கம் பாதி மிச்சம் இருக்கிறதே என்று பாப்பா சொல்வாள், டிக்கெட் வீண் என்பாள். கேட்காதே. இறங்கி நேரே நட, நீரூற்றின் படிக்கட்டில் காலையில் நிழல் இருக்கும்.

உன் தம்பி