ஹெப்பாரின் குப்பியில் ஆலையின் பெயரையும் அச்சிடுங்கள்

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2008 ஜனவரியில் மிசௌரி மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று உங்கள் நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் சொன்னது. டயாலிசிஸ் செய்துகொண்ட பிள்ளைகளுக்குத் திடீரென முகம் வீங்குகிறது, இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினில் இருந்த கோளாறு அப்படித்தான் வெளியே வந்தது. உங்கள் சோதனைகள் எதிலும் அது சிக்கவில்லை.

சிக்கியிருக்கவும் முடியாது. ஹெப்பாரின் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. அதில் கலந்திருந்தது ஓவர்சல்ஃபேட்டட் காண்ட்ராய்டின் சல்ஃபேட். இயற்கையில் கிடைக்காத பொருள். குருத்தெலும்பிலிருந்து வரும் மலிவான சரக்கை வேதிமாற்றம் செய்தால் கிடைக்கும். அப்போதைய தரச் சோதனை கேட்டதெல்லாம் ரத்தம் உறைவதைத் தடுக்கிறதா என்பதுதான். கலப்படமும் ஓரளவு தடுக்கும், அதனால் தேறிவிட்டது. மூலக்கூறின் அமைப்பையே காட்டும் என்.எம்.ஆர். கருவியில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. என்னைக் கேட்டால், சோதனையைக் கரைத்துக் குடித்த யாரோ செய்த வேலை இது. 2007இல் செல்லப்பிராணிகளின் தீவனத்தில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த வேதிப்பொருள் வந்ததும் இதே வழியில்தான்: புரதச் சோதனை நைட்ரஜனை மட்டும் அளக்கும் என்று தெரிந்தவர்கள் நைட்ரஜனைக் கூட்டினார்கள். அடுத்த ஆண்டே மருந்தில் அதே தந்திரம்!

அப்புறம் அந்த ஆலை. அமெரிக்க நிறுவனமான பேக்ஸ்டர் விற்ற ஹெப்பாரினின் மூலப்பொருள் சீனாவின் சாங்சோவிலிருந்து வந்தது. ஏறக்குறைய அதே பெயருள்ள, ஏற்கெனவே ஆய்வு செய்த வேறோர் ஆலை என்று நினைத்து, அங்கே போய்ப் பார்க்காமலே அனுமதி கொடுத்துவிட்டீர்கள். ஆய்வாளர்கள் அங்கே காலடி வைத்தது 2008 பிப்ரவரியில், நோயாளிகள் பாதிக்கப்பட்ட பிறகு.

ஹெப்பாரின் ஏற்றியபின் ஒவ்வாமையோ ரத்த அழுத்தச் சரிவோ வந்து இறந்தவர்கள் என உங்களுக்கு வந்த அறிக்கைகளில் 81 பேர் இருந்தார்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் கலப்படம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றீர்கள். சரி, அவர்களில் பலர் ஏற்கெனவே கடும் நோயாளிகள்தான். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குத்தானே ஹெப்பாரினே தேவைப்படுகிறது? இந்தச் சந்தேகத்தின் பலன் நோயாளிக்குப் போயிருக்க வேண்டும்.

அதன்பின் நீங்கள் செய்ததை மறுக்கவில்லை. தர விதிகள் மாறின, என்.எம்.ஆர். சோதனை கட்டாயமானது, 2012 சட்டம் வெளிநாட்டு ஆலைகளை ஆய்வு செய்ய உங்களுக்குக் கூடுதல் அதிகாரம் தந்தது. மாட்டிலிருந்து எடுக்கும் ஹெப்பாரினை மீண்டும் கொண்டுவர ஊக்குவிப்பதும் நல்லதே. ஒரே விலங்கையும் ஒரே நாட்டையும் பெரிதாக நம்பியிருப்பது ஆபத்து. பன்றிகளுக்கு நோய் வந்து விலை ஏறும்போதுதான் கலப்படக்காரனுக்குக் கை அரிக்கும்.

என் கோரிக்கை சின்னது. மூலப்பொருள் எந்த ஆலையில் தயாரானது, அங்கே உங்கள் ஆய்வாளர் கடைசியாகப் போனது எந்தத் தேதி — இந்த இரண்டும் மருந்துக் குப்பியின் லேபிளிலேயே இருக்கட்டும். யாரும் போகவில்லை என்றால் அதையும் அப்படியே அச்சிடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று மருத்துவமனைகள் முடிவு செய்துகொள்ளும்.

இப்படிக்கு,
மருந்தை நம்பி வாழ்வோரில் ஒருவன்