நான்கு கட்டைச் சுருதியில் ஒரு நன்றி

இசை அன்பர்களுக்கும், துறைத் தோழர்களுக்கும், என் மாணவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் மீண்டும் மேடையேறி, ஒரு முழுக் கச்சேரியைப் பாடி முடித்தேன். என் குரலுக்கு நேர்ந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால், அதை இங்கே விவரிக்கவில்லை.

முதல் நன்றி அன்று மிருதங்கம் வாசித்தவருக்கு. பெயரை எழுதினால் கூச்சப்படுவார். கச்சேரிக்கு முன்பு பாடகரை அழைத்துச் சுருதி எத்தனை கட்டை, அதாவது பாட்டின் ஆதார ஒலி எவ்வளவு உயரம், என்று கேட்டுக்கொள்வது பக்கவாத்தியக்காரர்களின் வழக்கம்; அவர் கேட்கவில்லை. இத்தனை காலம் ஐந்து கட்டையில் பாடிவந்த எனக்கு, இனிக் குரல் எங்கே நிற்கும் என்பது எனக்கே தெரியாது என்று ஊகித்து, விடையில்லாத கேள்வியிலிருந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார். தம்பூராவின் தந்திகளைத் தளர்த்தலாம், வயலினையும் இறக்கிக்கொள்ளலாம். மிருதங்கத்தையோ கல்லால் தட்டிச் சிறிது ஏற்றி இறக்கலாமே தவிர, ஒரு கட்டை முழுதாக இறக்கினால் நாதம் போய்விடும். ஆகவே அவர் ஐந்துக்கு ஒன்றும் நான்குக்கு ஒன்றுமாக இரண்டு மிருதங்கங்களைச் சுமந்து வந்திருந்தார். பக்கத்து அறையில் நான் மெல்லப் பாடிப் பார்ப்பதைக் கேட்டபடியே நான்கு கட்டை மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து, அதன் இடப்பக்கமான தொப்பியில் ரவையை அப்பி, “இன்னைக்கு இது நல்லா இருக்கும் டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சான கரணைதான் அதில் உடன் ஒலிக்கும் மேற்சுரங்களை ஒன்றோடொன்று இசைய வைக்கிறது என்று சி. வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அந்தக் கருவியை ஒருவர் எனக்காக இரட்டைச் சுமையாகத் தூக்கி வருவார் என்று நினைத்ததில்லை.

வயலினில் என் மூச்சறிந்து, ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவலைச் சுருக்கிக்கொண்ட தங்கைக்கும், தேதியை மாற்றாமல் காத்திருந்த சபைச் செயலாளருக்கும், மருத்துவருக்கும் குரல் பயிற்சியாளருக்கும், என் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்ட தோழர்களுக்கும், விடைத்தாள் கட்டுகளை வீடுவரை கொண்டுவந்து கொடுத்த ஆய்வு மாணவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

‘இனி வகுப்பு மட்டும் போதுமே’ என்று அன்பால் சொன்னவர்களும் உண்டு. இசை இலக்கணம் நடத்துகிறவருக்குப் பாட வராது என்ற பழைய கேலி நம்மிடையே இன்னும் இருக்கிறது. சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவரான எஸ். ராமநாதன் கச்சேரி மேடையிலும் உட்கார்ந்து பாடியவர் என்பதைக் கேலி செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேடையை விட்டால் என் பாடமும் வறண்டுவிடும் என்றே நான் அஞ்சினேன். இனி நான்கு கட்டையில், அதற்கொரு சமாதானமும் சொல்லாமல் பாடுவேன். வரும் பருவத்தில் தோற்கருவிப் பாடத்தை அந்த மிருதங்கக் கலைஞரை அருகில் அமர்த்தித்தான் நடத்தப்போகிறேன். அவருக்கான மதிப்பூதியத்துக்கு விண்ணப்பம் எழுதித் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.