‘சர்வர் டவுன்’ என்று எழுதி ஒட்டும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டணம் கட்டவோ சான்றிதழ் வாங்கவோ வரிசையில் நிற்பவர்களுக்கு ‘சர்வர் டவுன்’ என்ற இரண்டு சொற்களே பல நாள் பதிலாகக் கிடைக்கின்றன. பதினைந்து ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படிச் சொல்லப்படும் பல வேளைகளில் எந்தச் சர்வரும் படுத்திருப்பதில்லை. இணையப் பக்கத்துக்கு ஒரு சர்வர், தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்கு வேறொன்று, நடுவில் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வால் என்று அமைந்த இடங்களில், அறுந்திருப்பது அவற்றுக்கு இடையிலான தொடர்பாகவே இருக்கும்.

அண்மையில் நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு மென்பொருள் திறக்காது. கால் மணி நேரம் பொறுத்தால் தானாக வந்துவிடும். பொறுமையில்லாதவர்கள் எல்லாச் சர்வர்களையும் ரீஸ்டார்ட் செய்வார்கள், அப்போதும் வந்துவிடும். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டி, தரவுத்தளச் சர்வர் பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்ற முடிவுக்கே வந்திருந்தார்கள். ஒருநாள் காலை யாரையும் ரீஸ்டார்ட் செய்ய விடாமல் இரண்டு இயந்திரங்களையும் பார்த்தோம். தரவுத்தளத்தின் 5432 போர்ட்டுக்கு (தொடர்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) இருபது தொடர்புகள் உயிரோடு இருப்பதாக இணையச் சர்வர் காட்டியது. அதே நேரத்தில் தரவுத்தளச் சர்வரில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஒவ்வொரு முறையும் புதிதாக இணையும் நேரத்தை மிச்சப்படுத்த, இணையச் சர்வர் சில தொடர்புகளைத் திறந்தபடியே கையிருப்பில் வைத்திருக்கும். ஒரு மணி நேரம் அசைவில்லாத தொடர்புகளைக் கழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்த ஃபயர்வால், இரவில் அவற்றைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. நீக்கியதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் முதல் கேள்வி அந்தச் செத்த தொடர்பில் போகும், பதில் வராது, திரும்பத் திரும்ப அனுப்பப்படும். அந்தச் சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் தன் இயல்பான அமைப்பில் 15 முறை வரை முயன்று, ஏறத்தாழ 15 நிமிடம் கழித்தே கைவிடும். அந்தக் கால் மணி நேரத்தின் கணக்கு இவ்வளவுதான். மறுபக்கம் இருக்கிறதா என்று இடையிடையே தட்டிப் பார்க்கும் கீப்-அலைவ் வசதி அந்த மென்பொருளில் இயக்கப்படவே இல்லை. இயக்கினால் மட்டும் போதாது. மாற்றாவிட்டால் அதன் முதல் தட்டல் 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்தே வரும், அதற்குள் ஃபயர்வால் மறந்திருக்கும். 600 விநாடியாகக் குறைத்தோம். புதிய சர்வர் வாங்கவில்லை.

பிழைச் செய்தியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால், பெரும்பாலும் அந்த இயந்திரம் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்த போர்ட்டில் கேட்பாரில்லை என்று பொருள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் இயல்பில் தன் இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் தொடர்பை மட்டுமே ஏற்கும் என்பதால், தரவுத்தளத்தைத் தனிச் சர்வருக்கு முதன்முதலாக மாற்றுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். வெகுநேரம் காத்திருந்தபின் ‘டைம்டு அவுட்’ வந்தால், முதலில் ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ வந்தால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம்: மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளின் இயல்பான உச்ச வரம்பு 151 தொடர்புகள், நான்கு இணையச் சர்வர்கள் ஆளுக்கு 50 தொடர்பைப் பிடித்து வைத்தால் கணக்கு இடிக்கத்தான் செய்யும். பிங் (இயந்திரம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, ஆகவே நெட்வொர்க் சரி என்று வாதிடுபவர்களும் உண்டு. பிங் எந்த போர்ட்டையும் தட்டுவதில்லை. சோதனையைத் தம் மேசைக் கணினியிலிருந்து செய்துவிட்டுத் திருப்தியடைவதும் வீண். இணையச் சர்வரிலிருந்தே அந்த போர்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நான் சொன்ன அலுவலகத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் நேராக ‘சரிசெய்யப்பட்டது’ என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. மக்கள் பணத்தில் பராமரிப்பு ஒப்பந்தம் போடும் நிறுவனங்கள், ரீஸ்டார்ட் செய்யும் முன் பிழைச் செய்தியையும் நேரத்தையும் எந்த இயந்திரத்தில் அது வந்தது என்பதையும் குறித்து வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்து, அந்தப் பதிவேட்டில் ‘காரணம்’ என்று இன்னொரு கட்டம் போட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியாளர்,
ஈரோடு