ஊதச் சொன்னால் ஊதுங்கள்: ஓட்டுநர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்டோ, கால் டாக்ஸி, வேன், லாரி ஓட்டுநர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் உறுப்பினர் ஒருவர் டிடி கேஸில், அதாவது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில், மாட்டினால் வழக்கமாக நடப்பது இதுதான். கோர்ட்டு வாசலில் யாராவது, "ஒத்துக்கிட்டுக் கட்டிட்டுப் போங்கண்ணே, பத்தாயிரத்தோட முடிஞ்சிடும்" என்கிறார்கள். அவரும் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறார். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. அப்போதுதான் சங்கத்துக்குத் தகவல் வருகிறது, அதற்குள் செய்யக்கூடியதில் பாதி கைநழுவிப் போயிருக்கிறது. மோட்டார் வாகன வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களான நாங்கள் இந்த மடலை எழுதுவது அந்தப் பாதிக்காக. குடித்துவிட்டு ஓட்டியவரைத் தப்ப வைக்கும் தந்திரம் எதையும் இதில் தேடாதீர்கள்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185: ஓட்டும்போதோ ஓட்ட முயலும்போதோ 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். நிதானமாக ஓட்டினாரா, வண்டி நேராகப் போனதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். 'பத்தாயிரம் வரை' என்றில்லை, 'பத்தாயிரம்' என்றே இருக்கிறது. சாலையிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியல் பிரிவு 200இல் உள்ளது. அதில் 185 கிடையாது. ஆக, இது நீதிமன்றத்துக்குப் போகிற வழக்கு. சாலையில் யாராவது 'இங்கேயே முடிச்சுக்கலாம்' என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

லைசென்ஸ் விவகாரம் வேறு பாதையில் போகிறது. பிரிவு 206(4)இன்படி போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பும். ஒரு தற்காலிக ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதை வைத்து வண்டி ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள், ஓட்டக் கூடாது. லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டு ஓட்டும் உரிமை தராது என்று சட்டமே சொல்கிறது. பிரிவு 19இன் கீழ் முதல் குற்றத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பு, அடுத்ததற்கு லைசென்ஸ் ரத்து. தகுதியிழந்த காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் பிரிவு 182: மூன்று மாதம் வரை சிறை, அல்லது இன்னொரு பத்தாயிரம், அல்லது இரண்டும். தினக்கூலி ஓட்டுநருக்கு அபராதத்தைவிட இந்த மூன்று மாதம்தான் பெரிய தண்டனை. ஆனால் அதிகாரி உங்கள் உறுப்பினரின் விளக்கத்தைக் கேட்காமல் இந்த உத்தரவைப் போட முடியாது. காரணங்களை விரிவாக எழுதியும் ஆகவேண்டும். நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் விடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நேரில் விசாரணை கேட்க வேண்டும். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இனி அந்த 30 மில்லிகிராம். 'ஒரு பீர்தானே' என்கிறவர்களுக்காகக் கணக்குப் போட்டே காட்டுகிறோம். 70 கிலோ எடையுள்ள ஆண், 650 மி.லி. பீர், 5 சதவீத ஆல்கஹால்: உடம்புக்குள் போவது சுமார் 25 கிராம், ரத்தத்தில் உச்சம் ஏறத்தாழ 54 மில்லிகிராம். ஒரே பாட்டிலில் வரம்பு தாண்டிவிட்டது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 85ஐ ஒட்டி நிற்கும். 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவார்ட்டர் (180 மி.லி.) என்றால் 60 கிராம் ஆல்கஹால். உச்சம் 130ஐ நெருங்கும். உடம்பு மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம்தான் இறக்கும். மோரோ, காபியோ, குளியலோ, வெங்காயமோ அந்த வேகத்தைக் கூட்டாது.

இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு குவார்ட்டர் அடித்தவர் வரம்புக்குள் வர விடிகாலை நாலரை, ஐந்து ஆகும். அரை பாட்டில், அதாவது 375 மி.லி. அடித்தவருக்கு மறுநாள் பகல் ஒன்றரை, இரண்டு மணி. தூங்கி எழுந்து, பல் தேய்த்து, காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் எடுக்கிறவர் தனக்கு மப்பு இறங்கிவிட்டது என்று உண்மையாகவே நம்புவார். ஊதினால் 130 காட்டும். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் எண் இன்னும் கூடும். காலை ஷிப்ட் ஓட்டுகிற உறுப்பினர்களுக்கு இந்தக் கணக்கைச் சங்க அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டினாலே பாதி வழக்குகள் குறையும்.

அடுத்து, கருவி. சட்டம் பேசுவது ரத்தத்தில் உள்ள அளவைப் பற்றி. கருவி அளப்பது மூச்சை. 2100 மடங்கு என்ற விகிதத்தை வைத்து மூச்சு எண்ணை ரத்த எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், காய்ச்சல் இருந்தால் எண் கூடும். 150 காட்டியவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. 33, 36 என்று காட்டியவருக்கு இதுவே உயிர்நாடி.

நிஜமாகவே தவறான எண் வரக் காரணமாவது வாயில் தங்கிய ஆல்கஹால். மவுத்வாஷ், இருமல் மருந்து, அரிஷ்டம், ஏப்பத்தில் மேலேறியது எல்லாம் இதில் சேரும். இது சுமார் 15 நிமிடத்தில் தானாக மறைந்துவிடும். ஆகவே முதல் ஊதலில் எண் வந்ததும், "சார், வாய் கொப்பளிச்சிக்கிறேன், கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன்" என்று கேட்க வேண்டும். பிரிவு 203 ஒன்றுக்கு மேற்பட்ட மூச்சு மாதிரி எடுக்க இடம் தருகிறது. கைதாகி ஸ்டேஷனுக்குப் போனவருக்கு அங்கே மறுபடி ஊத வாய்ப்பு தரவேண்டும் என்று அதே பிரிவின் 5ஆம் உட்பிரிவு கட்டாயமாகவே சொல்கிறது. இரண்டாவது எண் சுழியமாக விழுந்தால் வழக்கு அங்கேயே தள்ளாடும். விழாவிட்டால் அரிஷ்டக் கதையைக் கோர்ட்டில் சொல்லாதீர்கள். 30 மி.லி. அரிஷ்டத்தில் இருப்பது இரண்டு கிராம் அளவு ஆல்கஹால். ரத்தத்தில் அது நாலைந்து மில்லிகிராமைத் தாண்டாது என்று எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கும் தெரியும். சர்க்கரை நோய்க் கதையும் இப்படித்தான். மலிவான குறைகடத்திக் கருவிகளை அசிட்டோன் ஏமாற்றலாம், எரிமக் கலம் (fuel cell) உள்ள கருவியை ஏமாற்றாது. எந்த வகைக் கருவி என்று தெரிந்துகொள்ளாமல் அந்த வாதத்தை எடுக்க வேண்டாம்.

ஊதும் இடத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஊதுகுழல் புதிதாகப் பிரிக்கப்பட்டதா? ஊதுவதற்கு முன் திரையில் எண் சுழியமாக இருந்ததா? அச்சுச் சீட்டில் பெயர், வண்டி எண், தேதி, நேரம், கருவியின் வரிசை எண், கடைசியாக அளவுத்திருத்தம் செய்த (கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்த்த) தேதி உள்ளனவா? கையெழுத்துப் போடுமுன் அதைப் படிக்கச் சொல்லுங்கள். நகல் கேட்கச் சொல்லுங்கள், தராவிட்டால் கேட்ட நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம். அதிகாரியைத் தள்ளினால் 185 சின்ன வழக்காகிவிடும், பெரிய வழக்கு வேறு வந்து சேரும்.

ஊத மறுப்பது புத்திசாலித்தனம் என்று ஒரு பேச்சு ஸ்டாண்டுகளில் உலவுகிறது. அது பொய். சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், மறுத்தவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ரத்த மாதிரி கேட்கலாம். தகுந்த காரணம் இல்லாத மறுப்பை அவருக்கு எதிரான சாட்சியத்துக்கு வலுவாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 205. ஆஸ்துமா போன்ற நுரையீரல் கோளாறால் நெடுமூச்சு ஊத முடியாதவர் அதை அப்போதே சொல்லி, தானே ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். குடிக்காதவர் கருவி தவறு என்று நினைத்தாலும் இதே வழிதான்: உடனே அரசு மருத்துவமனை, ரத்தம். ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் எதையும் நிரூபிக்காது.

ரத்தம் எடுக்கும் இடத்திலும் பிழை நேரும். ஊசி போடுமுன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மாதிரி கெடலாம். ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினிதான் சரி. குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நொதித்து ஆல்கஹால் உள்ளேயே உருவாகலாம். எடுத்த நேரம், முத்திரை, குளிர்பதனம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரிசை, எல்லாமே காகிதத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனை ஆய்வகங்கள் ரத்தத்துக்குப் பதில் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், அளப்பதுண்டு. சீர எண் ரத்த எண்ணைவிடச் சுமார் 12 முதல் 18 சதவீதம் கூடுதலாக வரும். 34 என்று வந்த சீர எண்ணை ரத்த எண்ணாக்கினால் 30ஐ ஒட்டி வந்து நிற்கும்.

எந்தப் பரிசோதனையும் இல்லாமல் 'வாயில் வாடை அடித்தது, தள்ளாடினார், கண்மணி விரிந்திருந்தது' என்ற மருத்துவர் குறிப்பை மட்டும் வைத்து வழக்கு வந்தால் பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் (1971) உச்ச நீதிமன்றம் சொன்னதை முன்வைக்கலாம்: இந்த அறிகுறிகள் மட்டும் போதாது. பிரிவு 202இல் இன்னொன்று இருக்கிறது. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். இதை 'கேஸே போச்சு' என்று சிலர் சொல்கிறார்கள். பிரிவு சொல்வது காவலைப் பற்றித்தான். ஆனால் அந்தத் தாமதம் குறுக்கு விசாரணையில் நல்ல கேள்வி.

கோர்ட்டில் என்ன செய்வது? குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு முன் கேஸ் கட்டைப் பார்க்க வேண்டும். எண் 150, சீட்டு முழுசு, நேரம் பொருந்துகிறது என்றால் ஒத்துக்கொண்டு சிறை வேண்டாம், அபராதம் போதும் என்று கேட்பதே நேர்மையான ஆலோசனை. எண் வரம்பை ஒட்டியிருக்கிறது, அளவுத்திருத்தத் தேதி இல்லை, கருவி அச்சடித்த சீட்டுக்குப் பாரதிய சாட்சியச் சட்டம் 2023இன் பிரிவு 63 கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழ் இல்லை, வண்டி நின்றிருந்தபோது பிடித்திருக்கிறார்கள், ஓட்டியதைப் பார்த்த சாட்சி இல்லை என்றால் மறுத்து விசாரணை கேட்கலாம். ஒத்துக்கொண்ட பிறகு குற்றத்தீர்ப்பை மேல்முறையீட்டில் எதிர்க்க முடியாது, தண்டனையின் அளவைப் பற்றியும் அது சட்டப்படியானதா என்பதைப் பற்றியும் மட்டுமே பேசலாம். அந்தத் தீர்ப்பு அடுத்த வழக்கில் 'இரண்டாவது முறை' என்று எண்ணப்படும்.

வண்டி உரிமையாளர்களாகவும் இருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு சொல். விபத்து நடந்து, ஊதவே இல்லை என்றாலும் காப்பீட்டு நிறுவனம் போதையை வேறு வழியில் நிரூபித்து வண்டிச் சேதத்துக்கான பணத்தை மறுக்கலாம். 2021இல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. உயிர் போனால் 185 மட்டும் நிற்காது. ஏழு பேர் இறந்த மும்பை விபத்தில் அலிஸ்டர் பெரைரா மீது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதி செய்தது. அவர் ரத்தத்தில் இருந்தது 0.112 சதவீதம், அதாவது 100 மி.லி.க்கு 112 மில்லிகிராம். மேலே சொன்ன குவார்ட்டர் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சங்கங்களிடம் கேட்பது மூன்று. கருவி எண், ஊதிய நேரங்கள், இரண்டு அளவுகள், அதிகாரி பெயர், ரத்தம் கேட்ட நேரம் ஆகியவற்றை நிரப்ப ஒரு அரைப்பக்கப் படிவம் அச்சடித்து ஒவ்வொரு வண்டியிலும் வையுங்கள். வழக்கு வந்த மறுநாளே கட்டைப் பார்க்க ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யுங்கள். கட்டணம் கொடுக்க இயலாதவர், காவலில் உள்ளவர், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். மூன்றாவது, காவல்துறையோடு பேசும்போது கேளுங்கள்: ஒவ்வொரு கருவியின் அளவுத்திருத்தச் சான்றும் சோதனை நடக்கும் இடத்திலேயே இருக்கட்டும், சீட்டின் நகல் கேட்காமலே கையில் வரட்டும். மூச்சுப் பரிசோதனைக் கருவிகளை முத்திரையிட்டு ஆண்டுதோறும் சரிபார்க்க நடுவணரசின் நுகர்வோர் துறை 2024இல் வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் வாகன வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்