மதகு சென்சாரும் கெர்னல் வம்பும்

கும்பகோணம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதமும், லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் உட்கருவுக்கு) நீ எழுதிய பேட்சும் (திருத்த நிரலும்) கிடைத்தன. குறுவை அறுப்பு முடிந்ததில் மகிழ்ச்சி. மழைக்கு முந்தி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். இனி பேட்ச். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாயே, அது நல்லதாகப் போயிற்று. இப்படியே போட்டால் "இது ஏன் கெர்னலுக்குள்?" என்ற ஒரு வரியோடு திரும்பி வரும். உனக்குக் கோபம் வரும், இரண்டு வாரம் வாதம் நடக்கும்.

ஒலி அனுப்பித் தூரம் அளக்கும் எஸ்ஆர்எஃப்04 வகை சென்சாரின் டிரைவரில் (அதை இயக்கும் கெர்னல் நிரலில்) நீ சேர்த்திருப்பது இரண்டு சிஸ்எஃப்எஸ் ஃபைல் (கெர்னல் தன் மதிப்புகளை மற்ற நிரல்களுக்குக் காட்டும் ஃபைல்): ஒன்று வெப்பநிலை, இன்னொன்று நீர்மட்டம். காரணம் நியாயமானதுதான். அந்த டிரைவர் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டு, ஒலிவேகம் நொடிக்கு 343.5 மீட்டர் என்று கணக்குப் போடுகிறது. நம் பக்கம் 20 டிகிரியை மார்கழி விடியலில் பார்த்தால் உண்டு. 35 டிகிரியில் வேகம் 352.5. மூன்று மீட்டர் கீழே கிடக்கும் தண்ணீரை டிரைவர் 2.92 மீட்டர் என்று காட்டும். அதாவது ஏறக்குறைய 8 செ.மீ. தண்ணீர் இல்லாமலே இருப்பதாகத் தெரியும். முறை வைத்துத் திறக்கும் மதகில் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் அடிதடி நடக்க அந்த 8 செ.மீ. தாராளம்.

ஆனால் இந்தத் திருத்தத்துக்கு கெர்னல் எதற்கு? டிரைவர் தரும் ரா மதிப்பை (மாற்றாத எண்ணை) அதுவே தரும் ஸ்கேலால் (பெருக்கெண்ணால்) பெருக்கினால் மீட்டரில் தூரம் வருகிறது. அதை 331.5 + 0.6 × வெப்பநிலை என்ற வேகத்தால் பெருக்கி 343.5 ஆல் வகு. சென்சார் மாட்டிய உயரத்திலிருந்து கழி. பைத்தானில் மூன்று வரி. (வெப்பமானியை வெயில் படும் பெட்டிக்குள் வைக்காதே, ஒலி போய்வரும் காற்றின் சூடுதான் கணக்கு.) கரையை உயர்த்தி சென்சாரை ஓர் அடி மேலே ஏற்றினால் அந்த நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் போயிற்று.

'நீர்மட்டம்' என்ற பெயரிலேயே வில்லங்கம் இருக்கிறது. எதிலிருந்து மட்டம்? உனக்கு மதகின் அடித்தளத்திலிருந்து. பொதுப்பணிக் கணக்குப் பார்ப்பவருக்குக் கடல்மட்டத்திலிருந்து. அதே சென்சாரை டீசல் டேங்கில் மாட்டியவருக்கு நீர் என்ற சொல்லே பொருந்தாது. தூரத்தைச் சொல்வது டிரைவரின் வேலை. அந்தத் தூரத்துக்கு என்ன அர்த்தம் என்பது உன் வேலை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரே காரணம்தான். ஒரு ஃபைலோ சிஸ்டம் காலோ (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) வெளியே வந்து, எவனாவது ஒருவன் அதை நம்பி நிரல் எழுதிவிட்டால், பிறகு அதை எடுக்க முடியாது. யூசர்ஸ்பேஸை (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களை) உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஃபைலைத் திறக்கும் ஓப்பன் சிஸ்டம் காலைப் பார். தனக்குத் தெரியாத ஃபிளாக் (எப்படித் திறப்பது என்று சொல்லும் குறி) வந்தால் அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆரம்பத்தில் யாருக்கும் இது பெரிதாகப் படவில்லை. 2013இல் பெயரில்லாத தற்காலிக ஃபைலுக்காக ஒரு ஃபிளாக் சேர்க்க வந்தபோதுதான் வலி தெரிந்தது: பழைய கெர்னல் அந்த ஃபிளாக்கைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு வேறெதையோ செய்துவைக்கும். அதனால் டைரக்டரி ஃபிளாக்கையும் அதோடு ஒட்டவைத்து, பழைய கெர்னலில் பிழை விழும்படி தந்திரம் செய்தார்கள். தெரியாத ஃபிளாக்கைத் திருப்பி அனுப்பும் ஓப்பன்அட்2 என்ற புது சிஸ்டம் கால் வருவதற்கு 2020இல் கெர்னல் 5.6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழையதையும் இன்றுவரை சுமக்கிறார்கள். வாய்க்காலில் புது மடை வெட்ட ஒரு நாள் கூலி போதும். வருஷா வருஷம் தூர்வாருவது யார் என்பதில்தானே ஊர்க்கூட்டம் நீள்கிறது.

நீ கேட்டிருந்த பிகேஷ்எஃப்எஸ் (வட்டில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஒரு ஃபைல்சிஸ்டம்) சண்டையிலும் கோடிங் நன்றாக இருந்ததா என்பது கேள்வி இல்லை. 2024 ஜனவரியில் வந்த கெர்னல் 6.7இல் அது உள்ளே சேர்ந்தது. கெர்னலில் புது வசதிகள் வர இரண்டு வார மெர்ஜ் விண்டோ உண்டு, அது மூடினால் ஆறேழு வாரம் பழுது பார்ப்பது மட்டும்தான். பிகேஷ்எஃப்எஸ்ஸை எழுதிய கெண்ட் ஓவர்ஸ்ட்ரீட் 2025 ஜூனில், 6.16 ஆர்சி3 (பழுதுபார்ப்புக் காலத்தின் மூன்றாம் சோதனைப் பதிப்பு) கட்டத்தில், ஜர்னலை (மாற்றங்களின் பதிவேட்டை) பின்னோக்கிச் சுற்றித் தரவை மீட்கும் ஒரு புது ஆப்ஷனை அனுப்பினார். பயனர் தரவை இழந்து நிற்கிறார், இதுவும் பழுதுபார்ப்புதான் என்பது அவர் வாதம். டோர்வால்ட்ஸ் அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் 6.17இல் பிரிந்துவிடுவோம் என்றும் சொன்னார். 6.17இல் அது வெளியே பராமரிக்கப்படுவதாகக் குறிக்கப்பட்டது, 6.18இல் கோடே போய்விட்டது. ஓவர்ஸ்ட்ரீட்டின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஃபைல்சிஸ்டத்தில் ஆர்சி3க்குப் பிறகு வருகிற புதுக் கோடை வேறு யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். தரவைக் காப்பாற்ற வந்ததே தரவை அழித்தால் யாரிடம் போவது?

கெர்னலில் சி மொழியோடு ரஸ்ட் மொழியையும் சேர்க்கும் விவகாரம் வேறு மாதிரி. 2025 தொடக்கத்தில் டிஎம்ஏ (கருவிகள் நினைவகத்தை நேரடியாக அணுகும்) பகுதியின் மெயின்டெய்னர் (பொறுப்பாளர்), இரண்டு மொழிச் சுமை வேண்டாம் என்று மறித்தார். பிடிக்காதவர் ரஸ்ட் கோடைப் பார்க்கவே வேண்டாம், ஆனால் தன் இன்டர்ஃபேஸை யார் பயன்படுத்தலாம் என்று ஆணையிடவும் முடியாது என்பது டோர்வால்ட்ஸின் தீர்ப்பு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

இனி உன் பேட்ச். இரண்டு ஃபைலையும் தூக்கிவிடு. உன் வாட்டர்ப்ரூஃப் சென்சார் டிரைவரில் இல்லை அல்லவா, அதைச் சேர்; அதை யாரும் மறுக்கமாட்டார்கள். முதலில் டேட்டாஷீட்டில் டிரிகர் பல்ஸ் (அளக்கத் தொடங்கச் சொல்லும் துடிப்பு) எத்தனை மைக்ரோசெகண்ட் என்று பார். எஸ்ஆர்எஃப்04க்கு 10, அதே டிரைவரில் இருக்கும் எம்பி1000 சென்சார் வகைக்கு 20. 10 போதுமென்றால் டிரைவரைத் தொடவே வேண்டாம், பைண்டிங்கில் (வன்பொருளை விவரிக்கும் ஃபைலில்) பழைய பெயரை ஃபால்பேக்காக (மாற்றாக) வைத்துப் புதுப் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. போதாதென்றால் இரண்டு பேட்ச்: யாமல் பைண்டிங் முதலில், டிரைவர் மாற்றம் அடுத்து. ஒன்றாகக் கலக்காதே. செக்பேட்சை (பேட்சில் பிழை பார்க்கும் ஸ்கிரிப்டை) ஸ்டிரிக்டாக ஓட்டு. யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டே சொல்லும். சைன்ட்-ஆஃப்-பை வரியை (உன் பெயரிட்ட ஒப்புதல்) விட்டுவிடாதே. ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் சிதைந்துபோகும், கிட் சென்ட்-ஈமெயில் மூலமே அனுப்பு. மறுபதிப்பில் என்ன மாற்றினாய் என்பதை பேட்சில் வரும் மூன்று கோட்டுக்கு (---) கீழே எழுது. மேலே எழுதினால் கெர்னலின் மாற்ற வரலாற்றில் நின்றுவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறு. நடுவில் மெர்ஜ் விண்டோ வந்தால் அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதே.

ஒரு சந்தேகம். சென்சாரின் எக்கோ பின் (எதிரொலி வந்ததைச் சொல்லும் முனை) 5 வோல்ட் தருகிறதா? தந்தால், நடுவில் 1 கே, 2 கே ரெசிஸ்டர் போட்டுப் பிரித்துத்தான் போர்டுக்கு இணைத்திருக்கிறாயா? நீ அனுப்பிய படத்தில் கம்பி நேராகப் போவது போலத் தெரிகிறது. பேட்சுக்கு முன்னால் அதைப் பார்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி