உட்கார வைத்து அளக்கும் தகுதி: தீயணைப்புத் துறைத் தலைவர்களுக்கும் மருத்துவக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

உயரம், எடை, ரத்த அழுத்தம், கண்பார்வை, படுக்க வைத்து எடுத்த ஈசிஜி. பல இடங்களில் தீயணைப்பு வீரரின் ஆண்டுப் பரிசோதனை இத்தோடு முடிந்துவிடுகிறது. மேசை வேலைக்கு இது போதும். 20 கிலோவுக்கு மேல் கனக்கும் உடையும் மூச்சுக்கருவியும் சுமந்து, வெப்பத்துக்குள் மாடி ஏறுபவருக்குப் போதாது.

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் இறந்த வீரர்களைப் பற்றிய ஆய்வொன்று 2007இல் வெளியானது. தீயை அணைப்பதில் கழியும் நேரம் மொத்தப் பணிநேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். இதயத் தமனி நோய் மரணங்களில் 32 சதவீதம் அந்தச் சிறு பொழுதில் நேர்ந்தவை. காரணம் விளங்காததல்ல. சில நிமிடங்களில் இதயத் துடிப்பு உச்சத்தை நெருங்குகிறது. வியர்வையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ஏற்கெனவே சுருங்கிய தமனிக்கு இது தாங்காது. அந்தச் சுருக்கம் ஓய்வில் எடுக்கும் ஈசிஜியில் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

ஆகவே உழைக்க வைத்து அளவிடுங்கள். 12 மெட் (ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலைப் போல் 12 மடங்கு) என்பது இத்துறையில் நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல்: ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 42 மில்லி ஆக்சிஜன். டிரெட்மில் சோதனையை, வயதை வைத்துக் கணக்கிட்ட உச்சத் துடிப்பின் 85 சதவீதத்தில் நிறுத்திவிட்டு மீதியை ஊகிக்கும் வழக்கம் ஆபத்தானது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஊகக் கணக்கு அவரை உண்மையைவிடத் திடமானவராகக் காட்டும். களைத்து நிற்கும் வரையோ, அறிகுறி தோன்றும் வரையோ ஓடவிட வேண்டும், மருத்துவர் அருகில் இருக்க.

களத்திலும் ஒரு கருவி ஏமாற்றுகிறது. புகையிலிருந்து வந்தவரின் விரலில் சாதாரண ஆக்சிமீட்டரை மாட்டினால் 98 என்று காட்டக்கூடும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம் இருந்தால் எண்ணை நம்பாமல் முழு ஆக்சிஜன் கொடுங்கள். கார்பன் மோனாக்சைடைத் தனியாக அளக்கும் கருவியையோ ரத்தப் பரிசோதனையையோ நாடுங்கள். மூச்சுக்கருவியின் 30 நிமிடக் காற்று சிலிண்டர்கள் இரண்டு தீர்ந்தபின் குறைந்தது 20 நிமிட ஓய்வு வேண்டும். தீயணைப்பு உடையைக் கழற்றாமல் எடுக்கும் ஓய்வு ஓய்வே அல்ல: வெளியே வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் ஏறும். முன்கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது எளிய, பயனுள்ள வழி.

தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்குவது என்று 2022இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. கரி படிந்த உடையைத் தூங்கும் அறைக்குள் தொங்கவிடும் நிலையங்கள் இன்னும் இருக்கின்றன என்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும் கெடுப்பது பயம். 'தகுதியில்லை' என்ற ஒரு சொல்லில் ஊதியப் படியும் பதவி உயர்வும் போய்விடும் என்றால், நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்றுதான் சொல்வார்கள். தூக்கமின்மையைச் சொல்லவே மாட்டார்கள். மருத்துவர் அதிகாரிக்கு அனுப்பும் தாளில் நோயின் பெயர் இருக்கத் தேவையில்லை. முழுத் தகுதி, இன்னின்ன வரம்புடன் தகுதி, தற்காலிகமாக இல்லை, மறுபரிசோதனை நாள் - இவை போதும். விலக்கப்பட்டவருக்குக் கட்டுப்பாட்டு அறை, கட்டட ஆய்வு, பயிற்சி என மாற்றுப் பணி, ஊதியம் குறையாமல் கிடைக்கட்டும். திரும்பி வரும்போது முதலில் சாதாரண உடையில் மாடி ஏற்றம், பிறகு முழு உடையில், கடைசியாக முகமூடி மாட்டி சிலிண்டர் காற்றில். மூன்றாவதைத் தாண்டாதவரை ஆள் பற்றாக்குறையைக் காட்டி வண்டியில் ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
தீயணைப்போர் உடல்நலப் பணியில் உள்ளோர்